பெரிய கோயிலைக் கட்டியது கொத்தனாரா?

"தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டியது யார்?"

"கொத்தனார்!"

இந்த ஜோக்கைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே இது பழைய ஜோக். கொஞ்ச நாள் முன்பு ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டடக்கலை பற்றி ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தேன். "ராஜராஜ சோழன்" என்று வகுப்பே கத்தியது. நடு வரிசையில் ஒரு பையன் மட்டும் "கொத்தனார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சரி, ஜோக் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது அந்த வகுப்பு டீச்சர் சொன்னார்: "அவன் ஜோக் சொல்லல சார். அவங்க அப்பா கொத்தனார். லீவு நாள்ல இவனும் கூடப் போவான். நெஜமாவே அதுதான் பதில்னு நெனச்சுச் சொன்னான்."

டீ அப்புறம் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து, அன்றைக்குக் காட்டிய படங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மண்டகப்பட்டு குடைவரை: மகேந்திரவர்மன். காஞ்சி கைலாசநாதர் கோயில்: ராஜசிம்மன். பெரிய கோயில்: ராஜராஜன். சென்னைக்கு வந்ததும் கதை மாறுகிறது. சேப்பாக்கம் செனட் ஹவுஸ்: ராபர்ட் சிஸம். உயர் நீதிமன்றம்: ஹென்றி இர்வின். அங்கே "விக்டோரியா மகாராணி கட்டினார்" என்று நான் எழுதவில்லை. அதாவது, வெள்ளைக்காரர் வந்த பிறகுதான் கட்டடங்களுக்கு ஆர்க்கிடெக்ட் இருந்தார், அதற்கு முன்னால் ராஜா மட்டும்தான் இருந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாயால் சொல்லவில்லை, படத்தின் கீழே போட்ட பெயர்களால் சொல்லியிருக்கிறேன்.

பழைய காலத்தில் பெயர் எழுதி வைக்கவில்லை, நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பெயர் இருக்கிறது. அதுவும் எந்தக் கோயிலை வைத்து ஜோக் அடிக்கிறோமோ, அந்தக் கோயிலின் சுவரிலேயே இருக்கிறது.

சுவரில் இருக்கும் பெயர்

பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க, பொன் தகடு போர்த்திய செப்புக் குடத்தை ராஜராஜன் கொடுத்தது அவனுடைய 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்லி உத்தரவு போட்டவன் அவன். அந்தக் கல்வெட்டுகளில் நீளமான ஒன்று, கோயில் பணியாளர்களின் பட்டியல். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், இங்கே எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை அதில் இருக்கிறது. அடுத்து ஆடல் ஆசான்கள், பாடுவோர், கொட்டி அடிப்போர், கணக்கர், தையற்காரர், நாவிதர், வண்ணார் என்று பட்டியல் ஓடுகிறது. எல்லோருக்கும் நெல் பங்கு.

அந்தப் பட்டியலில்தான் தச்சர்களும் வருகிறார்கள். முதலில் வருபவர் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று இன்னும் இருவர். ராஜராஜன், நித்தவினோதன் இரண்டுமே அரசனின் பெயர்கள். தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். கண்டராதித்தன் அந்தக் குலத்தின் மூத்த பெயர்களில் ஒன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இந்த விமானத்தை வரைந்தது குஞ்சரமல்லன்" என்று கல்வெட்டு சொல்லவில்லை. கோயிலில் நெல் பங்கு பெறும் தலைமைத் தச்சர் இவர் என்று மட்டும் சொல்கிறது. குடம் ஏறிச் சில ஆண்டுகளுக்குள் வெட்டிய பட்டியலில், அரசன் பெயரையே பட்டமாகப் பெற்ற பெருந்தச்சர் ஒருவர் இருக்கிறார் என்பதால், இந்தக் கட்டுமானத்தின் தலைவர் இவர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நியாயமான ஊகம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஊகத்தை ஊகமாகவே சொல்லலாம். எட்டாம் வகுப்புக்கு அது புரியும்.

இது ஒரு கோயிலின் கதை மட்டும் இல்லை. கர்நாடகத்தில் பட்டடக்கல் விருபாட்சர் கோயில் இருக்கிறது. இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கிய அரசன் காஞ்சியை வென்றதன் நினைவாக அவனுடைய அரசி லோகமகாதேவி எட்டாம் நூற்றாண்டில் எழுப்பியது. நம் கைலாசநாதர் கோயிலின் சாயல் அதில் நன்றாகத் தெரியும். அங்குள்ள கல்வெட்டு குண்டன் என்ற தலைமைச் சிற்பியின் பெயரைச் சொல்லி, அவருக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்கிறது. 'திரிபுவனாசாரி' என்பது அவர் பெற்ற பட்டம்.

இதற்கு நேர் எதிர் மண்டகப்பட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலைச் செய்தவன் விசித்திரசித்தன் என்று அந்தக் கல்வெட்டு பெருமைப்படுகிறது. விசித்திரசித்தன் என்றால் மகேந்திரவர்மன். உளி பிடித்தவர் யார் என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆக, சில சுவர்கள் பெயர் சொல்கின்றன, சில சொல்வதில்லை. நாம் என்னடாவென்றால் பெயர் சொல்கிற சுவரையும் சொல்லாத சுவர் மாதிரியே படிக்கிறோம்.

இன்னொரு விஷயம். 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஆர்க்கி' என்றால் தலைமை. 'டெக்டான்' என்றால் தச்சன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இயேசுவைத் தச்சன் என்று சொல்லும் இடத்தில் இருப்பதும் இதே 'டெக்டான்'தான். இரண்டையும் சேர்த்தால் தலைமைத் தச்சன், அதாவது பெருந்தச்சன். குஞ்சரமல்லனின் பட்டத்தை மொழிபெயர்க்கவே வேண்டாம், அந்தச் சொல்லே ஆர்க்கிடெக்ட்தான்.

தஞ்சாவூரிலிருந்து போன ராம் ராஸ்

பிள்ளைகளுக்குக் கட்டடக்கலையை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, இதே வேலையை முதலில் செய்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன். அப்படித்தான் ராம் ராஸிடம் மறுபடி போனேன். பெயர் ஏற்கெனவே தெரியும். முழுக் கதையாக யோசித்ததில்லை.

ராம் ராஸ் 1790ஐ ஒட்டித் தஞ்சாவூரில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். ஆங்கிலம் கற்று, கம்பெனி ராணுவ அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தார். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. கம்பெனியின் இளம் அதிகாரிகள் தென்னிந்திய மொழிகளைக் கற்பதற்காக 1812இல் தொடங்கியது. அங்கே ராம் ராஸ் தலைமை ஆங்கில ஆசிரியர். பிறகு பெங்களூரில் நீதிபதியாகப் போனார்.

1820களின் பிற்பகுதியில், லண்டனில் புதிதாகத் தொடங்கியிருந்த ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் இருந்த ரிச்சர்ட் கிளார்க் என்பவரோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. இந்துக்களின் கட்டடக்கலை நூல்களைப் பற்றி எழுத வேண்டும் என்பது வேலை. அதற்கு முன்னாலும் ஆங்கிலேயர்கள் நம் கோயில்களை வரைந்திருக்கிறார்கள், அளந்திருக்கிறார்கள், வியந்திருக்கிறார்கள். ஆனால் இவை எந்த விதிப்படி கட்டப்பட்டன, கட்டியவர்கள் என்ன படித்தார்கள் என்று நூல்களை வைத்துக்கொண்டு யாரும் ஆங்கிலத்தில் விளக்கியதில்லை.

ராம் ராஸ் ஓலைகளைத் தேடினார். மானசாரம், மயமதம், காசியபம் போன்ற சிற்ப நூல்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. எதுவும் முழுசாக இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. கிடைத்ததைப் படித்து அர்த்தம் சொல்ல ஆள் இல்லை. சமஸ்கிருதம் கரைத்துக் குடித்த பண்டிதர்களிடம் கொண்டுபோனால், இலக்கணம் சொல்வார்கள். அந்தச் சொல் கட்டடத்தில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று தெரியாது. கல் வேலை செய்கிறவர்களிடம் போனால், அவர்களுக்கு வேலை தெரியும். சமஸ்கிருதச் சுலோகத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. நூல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நடுவில் பாலம் இல்லை.

கடைசியில் ஒரு ஆள் கிடைத்தார். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கம்மாளச் சிற்பி. தொழிலும் தெரியும், தொழிலில் புழங்கும் சொற்களும் தெரியும். நல்ல மனசுக்காரர் என்று தன் கடிதத்தில் ராம் ராஸ் நன்றியோடு சொல்கிறார். அவர் உதவியோடுதான் நூலின் பூட்டு திறந்தது.

'இந்துக்களின் கட்டடக்கலை பற்றிய கட்டுரை' என்ற அந்தப் புத்தகம் 1834இல் லண்டனில் வெளிவந்தது. 48 படங்கள். பீடம், அதிஷ்டானம், தூண்கள், விமானங்கள், கோபுரங்கள் எல்லாம் அளவுகளோடு வரையப்பட்டவை. கிரேக்க, ரோமானியத் தூண்களோடு ஒப்பிட்டு, ஐரோப்பிய வாசகருக்குப் புரியும் வகையில் எழுதியிருக்கிறார். அதைப் பார்க்க ராம் ராஸ் உயிரோடு இல்லை. புத்தகம் அச்சாவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தியக் கட்டடக்கலை ஆய்வு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இன்றைக்கும் இந்தப் புத்தகத்தைக் காட்டுவார்கள். ராம் ராஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சிற்பியின் பெயர்? கடிதத்தில் அவருடைய ஊர்ப்பகுதி இருக்கிறது, குலம் இருக்கிறது, குணம் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

இதில் ராம் ராஸைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. உதவியை மறைக்காமல் ஒப்புக்கொண்ட மனிதர். அந்தக் காலத்தில் பல வெள்ளைக்கார ஆய்வாளர்கள் அதைக்கூடச் செய்ததில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1010ஐ ஒட்டித் தஞ்சாவூரில் கல்லில் பெயர் வெட்டி வைத்த அதே தொழிலைச் சேர்ந்தவர், அதே பகுதியைச் சேர்ந்தவர், எண்ணூறு ஆண்டுகள் கழித்து அச்சுப் புத்தகத்துக்குள் பெயரில்லாமல் நுழைகிறார். நான் வகுப்பில் சிரித்தது இந்த வரிசையின் கடைசிப் படி.

புறா, அல்லி, மூக்கு

பண்டிதருக்கு ஏன் புரியவில்லை என்று கேட்டால், சில சொற்களைப் பார்த்தாலே போதும்.

கபோதம் என்றால் சமஸ்கிருதத்தில் புறா. சிற்ப நூலில் கபோதம் என்றால் சுவருக்கு மேலே வெளியே நீண்டு வளைந்து இறங்கும் பகுதி. மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழ வைப்பது அதன் வேலை. தமிழில் கொடுங்கை. இன்றைக்கு நம் வீடுகளில் சன்ஷேட் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

குமுதம் என்றால் அல்லி. கட்டடத்தில் அது அடித்தளத்தின் நடுவில் ஓடும் பருத்த வரி. உருண்டையாக இருக்கலாம், எட்டுப் பட்டையாகவும் இருக்கலாம்.

நாசி என்றால் மூக்கு. கட்டடத்தில் அது குதிரை லாடம் மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் வளைவு.

கண்டம் என்றால் கழுத்து. கட்டடத்தில் இரண்டு துருத்தலுக்கு நடுவில் உள்வாங்கிய பகுதி.

இப்போது ஒரு சுலோகத்தில் "அல்லிக்கு மேலே கழுத்து, அதற்கு மேலே பட்டிகை" என்று அளவுகளோடு வந்தால், கட்டடமே கட்டாத பண்டிதர் என்ன செய்வார் பாவம்! அகராதி உதவாது. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இதோ பாருங்க, இதுதான் குமுதம்" என்று விரலால் தொட்டுக் காட்டுகிற ஆள்தான் வேண்டும். ராம் ராஸுக்குத் தொட்டுக் காட்டியவர் அந்தச் சிற்பி.

இதையே வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கோயிலைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். விமானத்துக்கு ஆறு உறுப்புகள். கீழிருந்து அதிஷ்டானம், கால், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், தூபி. ஒரு மனிதன் நிற்கிற மாதிரிதான். பாதம் ஊன்றியிருக்கிறது, கால் நிற்கிறது, தோள் அகலமாக இருக்கிறது, கழுத்து உள்வாங்குகிறது, மேலே தலை, தலைக்கு மேலே குடுமி. தலை சதுரமாக இருந்தால் நாகரம், எட்டுப்பட்டை என்றால் திராவிடம், வட்டம் என்றால் வேசரம் என்பது நம் பக்கத்துச் சிற்ப நூல்களின் கணக்கு. பெரிய கோயிலின் சிகரம் எட்டுப்பட்டை. இவ்வளவு தெரிந்தால் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் பத்து நிமிஷம் வாயைத் திறந்து நிற்பதற்குப் பதில் பத்து நிமிஷம் படிக்கலாம்.

புதுச்சேரி வாத்தியாரும் போதிகையும்

ராம் ராஸுக்குப் பிறகு இதே வழியில் நடந்த இன்னொருவர், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கல்லூரி ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய். அவர் பாடம் அறிவியல். விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாகச் சுற்றினார். கட்டிக்கொண்டிருக்கும் ஸ்தபதிகளிடம் போய், இதற்குப் பெயர் என்ன, அதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி பிரெஞ்சில் இரண்டு தொகுதிகள் எழுதினார்.

அவர் கண்டுபிடித்த ஒரு முறை அறிவியல் வாத்தியாருக்கே உரியது. கல்வெட்டு இல்லாத கோயில் எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது? பெரிய அலங்காரங்களைப் பார்க்காதே, சின்னச் சின்ன உறுப்புகளைப் பார். காலம் தெரிந்த கோயில்களில் ஒரே உறுப்பை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் அது எப்படி மாறுகிறது என்று தெரியும். பிறகு காலம் தெரியாத கோயிலில் அதே உறுப்பைப் பார்த்து வரிசையில் இடம் கண்டுபிடித்துவிடலாம்.

போதிகை இதற்கு நல்ல உதாரணம். தூணின் தலையில் உட்கார்ந்து உத்திரத்தைத் தாங்கும், இரு பக்கமும் கை நீட்டிய மாதிரி இருக்கும் கல். பல்லவர் காலத்தில் அதன் அடிப்பக்கம் வளைவு. அதில் அலை அலையாக வரிகள், நடுவில் ஒரு பட்டை. சோழர் காலத்தில் வளைவு போய், சாய்வாக வெட்டிய மாதிரி ஆகி, நடுவில் ஒரு முனை துருத்துகிறது. பின்னால் வர வர அந்த முனை மொட்டாகிறது. விஜயநகரக் காலத்தில் மொட்டு கீழே தொங்கத் தொடங்குகிறது. நாயக்கர் காலத்தைத் தாண்டினால் வாழைப்பூ மாதிரி நீளமாகத் தொங்குகிறது. நடுவில் விதிவிலக்குகள் உண்டு, புதுப்பித்த இடங்களும் உண்டு. ஆனாலும் அடுத்த தடவை ஊர்க் கோயிலுக்குப் போனால் தலையைத் தூக்கிப் போதிகையைப் பாருங்கள். மூலக் கருவறைப் பக்கம் ஒரு மாதிரி, வெளி மண்டபத்தில் வேற மாதிரி இருந்தால், கோயில் கட்டம் கட்டமாக வளர்ந்த கதை உங்கள் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது.

ராம் ராஸும் துப்ரேயும் காலத்தால் எண்பது ஆண்டு தள்ளி இருந்தவர்கள். ஒருவர் நூலில் தொடங்கினார், மற்றவர் கட்டடத்தில் தொடங்கினார். இரண்டு பேரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: கட்டத் தெரிந்தவரின் பக்கத்தில்.

ஒரே ஆண்டில் இரண்டு வகுப்பறை

இந்தப் பிளவு நம் கல்வி நிலையங்களிலும் தொடர்ந்தது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், 1794இல் கம்பெனி தொடங்கிய நில அளவைப் பள்ளி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஆரம்பித்தார். செனட் ஹவுஸ் கட்டிய சிஸம் பின்னர் அந்தப் பள்ளியின் பொறுப்பிலும் இருந்தார். பொறியாளர் ஒரு பக்கம் பயின்றார், கைவினைஞர் இன்னொரு பக்கம் பயின்றார். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கட்டிய ஸ்தபதி குடும்பங்கள் இரண்டு பக்கமும் சேராமல் அப்பாவிடம் பிள்ளை கற்பதாகவே தொடர்ந்தன.

1957இல் கிண்டியில் கட்டடக்கலைப் படிப்பு தொடங்கியது. அதே 1957இல், சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் நெடுங்காலம் நடத்தியவர் அவருடைய மகன் கணபதி ஸ்தபதி. அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்று, கல்லூரியில் கணிதமும் படித்தவர். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலை அவருடைய வடிவமைப்பு. 38 அடி பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரம், மேலே 95 அடி பொருளும் இன்பமும் என்ற கணக்கை எல்லோரும் சொல்வோம். பிள்ளைகளிடம் "இதை யார் செய்தது" என்று கேட்டால் பெரும்பாலும் திறந்து வைத்தவர் பெயர்தான் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோயிலுக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது.

சென்னையிலும் அப்படித்தான். உயர் நீதிமன்றம் 1892இல் முடிந்தது. இர்வின் பெயர் தெரியும். அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி பெயர் கொஞ்சம் பேருக்குத் தெரியும். 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையின் வடிவமைப்பு ஹாரிஸ் என்ற ஆர்க்கிடெக்டினுடையது. கட்டிக் கொடுத்தவர் லோகநாத முதலியார். இவர்களுக்கும் கீழே, செங்கல் வைத்த, சுண்ணாம்பு அரைத்த கைகளுக்குப் பெயரே இல்லை.

மறுபடியும் அந்த வகுப்பு

நானே கேட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்கு இன்னொரு தடவை போனேன். படங்களை மாற்றியிருந்தேன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கீழே மூன்று வரி. கட்டச் சொன்னவர். திட்டமிட்டவர். கட்டியவர். தெரிந்த இடத்தில் பெயர் போட்டேன், தெரியாத இடத்தைக் காலியாக விட்டேன். மண்டகப்பட்டில் முதல் வரி மட்டும் நிரம்பியிருந்தது. பெரிய கோயிலில் இரண்டு வரி. நீதிமன்றத்தில் மூன்றாவது வரியில் பாதி.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். "போன தடவை கொத்தனார்னு ஒருத்தர் பதில் சொன்னாரு. அது தப்பில்ல. மூணு பதில்ல அது ஒண்ணு. நான்தான் கவனிக்காம போயிட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அதற்கு மேல் நீட்டவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "இந்த ரூமோட இந்தச் சுவர்ல ஒரு கோடு போடறேன். எதிர்ச் சுவர்ல அதே மட்டத்துல இன்னொரு கோடு போடணும். தரை சமமா இருக்கான்னு தெரியாது. எப்படிப் போடுவீங்க?" ஸ்கேல், டேப், செல்போன் என்று பதில்கள் வந்தன. தரையிலிருந்து அளந்தால் தரை சரிந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டதும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்தான். "டியூப்ல தண்ணி ஊத்திப் பாக்கலாம் சார்."

"முன்னாடி வந்து சொல்லு."

வந்தான். நீளமான கண்ணாடி மாதிரி டியூப், உள்ளே தண்ணீர், காத்துக் குமிழ் இருக்கக் கூடாது, ஒரு முனையை அங்கே ஒருத்தர் பிடிக்கணும், இன்னொரு முனையை இங்கே, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், நின்ற இடத்தில் கோடு போடணும். கையால் காட்டிக்காட்டிச் சொன்னான். "ஏன் ஒரே மட்டத்துல நிக்குது?" என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. "நிக்கும், அவ்ளோதான்" என்றான். பின்னால் நின்ற அறிவியல் டீச்சர் திரவ அழுத்தம் பாடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குத் தெரிந்ததை அவன் சொன்னான், நூலில் இருந்ததை அவர் சொன்னார். ராம் ராஸும் அந்தச் சிற்பியும் பெங்களூரில் ஓலையை நடுவில் வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் போல.

மணி அடித்தது. என் படங்களில் பாதிகூடக் காட்டி முடிக்கவில்லை. கிளம்பும்போது அவன் வந்து கேட்டான்: "சார், அந்தப் பெரிய கோயில் மேஸ்திரி பேரு என்ன சொன்னீங்க?"

"குஞ்சரமல்லன்."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். "அப்பாகிட்டச் சொல்லணும்" என்றான்.